திடீர் வேதனையும் கிறிஸ்தவப் பொறுமையும்

(குடும்பங்களுக்கு ஞானோபதேசப் பாடம்)



நோய் நாள் குறித்துவிட்டு வருவதில்லை. குடும்ப செபமாலை முடிந்து, சாப்பிட்டுப் படுத்தபின் நடு இரவில் வந்து கதவைத் தட்டுகிறது. வீட்டுத் தாயார் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். வலி வலப்பக்கம் போய், முதுகைத் துளைத்து, தோள்வரை ஏறுகிறது. வாந்தியும் வேர்வையும் சேர்ந்துகொள்கின்றன. "வாயுதான், ஓமத்தண்ணீர் குடித்தால் போய்விடும்" என்கிறார் மாமியார். மகன் சோடா வாங்க ஓடுகிறான். விடிந்தபின் ஓரிடத்தில் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். இன்னோரிடத்தில் இருதயத்தைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்கிறார்கள். மூன்றாம் இடத்தில் குடற்புண் என்று மாத்திரை தருகிறார்கள். நான்காம் இடத்தில் ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல் என்கிறார்கள். உடனே ஆப்பரேஷன் என்று ஒரு டாக்டர். பொறுத்துப் பார்க்கலாம் என்று வேறொருவர். கடைசியில் வலியைக் காட்டிலும் குழப்பமே அந்த வீட்டாருக்குப் பெரிய பாரமாகிவிடுகிறது.

நம் பங்கில் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். அவ்வேளையில் கிறிஸ்தவக் குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய பாடம்.

1. வைத்தியரைத் தேடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. சீராக் ஆகமம் 38-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். வைத்தியனை மதிக்கச் சொல்லுகிறது. அவனை உண்டாக்கினவர் ஆண்டவரே என்கிறது. பூமியிலிருந்து மருந்துகளைத் தந்தவரும் அவரே, புத்தியுள்ளவன் அவற்றை அசட்டை செய்யமாட்டான் என்கிறது. நோயாளி முதலில் செபித்து, பாவத்தை விட்டு மனந்திரும்பி, பிறகு வைத்தியனுக்கும் இடங்கொடுக்க வேண்டுமென்று ஒழுங்கு கற்பிக்கிறது. செபமும் மருந்தும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்க வேண்டியவை.

1858-ல் தேவமாதா காட்சி தந்த லூர்து நகரில் 1883 முதல் வைத்தியர்களின் அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. அங்கே குணமானதாகச் சொல்லுகிறவர்களின் வைத்தியச் சீட்டுகளை டாக்டர்கள் ஆராய்ந்து பார்க்கிறார்கள். அதன்பின்பே மேற்றிராணிமார் புதுமை என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள். புதுமைகளின் ஸ்தலத்திலேயே வைத்திய சாஸ்திரத்துக்கு நாற்காலி போட்டிருக்கிறது திருச்சபை.

2. ஓர் அர்ச்சியசிஷ்டரின் வயிற்று வலி

சேசு சபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியாரின் சரித்திரம் இந்தப் பாடத்துக்கு மிகவும் பொருந்தும். 1521 மே 20-ந் தேதி பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. அங்கே எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். சொந்த ஊராகிய லொயோலாவுக்குக் கொண்டுபோன பிறகு, எலும்பு சரியாகச் சேரவில்லை என்று வைத்தியர்கள் சொல்லி, அதை மறுபடியும் உடைத்துக் கட்டினார்கள். மயக்கமருந்து இல்லாத காலம் அது. முதல் வைத்தியம் ஒரு விதம், இரண்டாம் வைத்தியம் வேறு விதம் என்ற துன்பத்தை அவர் அப்போதே அறிந்துகொண்டார்.

பின்னாட்களில் கடுமையான வயிற்று வலி அவரை விட்டுவிட்டு வாட்டியது. ரோமாபுரியில் ஒருமுறை, அனுபவமில்லாத வைத்தியர் ஒருவர் உஷ்ண காலத்திலே ஜன்னல்களை அடைக்கச் செய்து, கனத்த போர்வைகளைப் போர்த்தி வைத்தியம் பார்த்தார். நோயாளி சாகும் நிலைக்கு வந்துவிட்டார். பிறகு வந்த தேர்ந்த வைத்தியர் ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி, குளிர்ந்த பானம் கொடுத்துத் தேற்றினார். இவ்வளவும் பட்டவர் வைத்தியர்களை வெறுத்தாரா? இல்லை. நோயுற்ற காலத்தில் சபையார் வைத்தியர்களுக்கும் நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்கும் கீழ்ப்படிய வேண்டுமென்று தம் சபைக்கு ஏற்பாடு செய்துவைத்தார்.

1556 ஜூலை 31-ந் தேதி அவர் மரித்தார். அவருடைய சரீரத்தை ரெயால்தோ கொலம்போ என்ற பேர்போன உடற்கூற்று வல்லுநர் அறுத்துப் பார்த்தார். ஈரலிலும் சிறுநீரகங்களிலும், ஈரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயிலும் கற்கள் இருக்கக் கண்டு, 1559-ல் அச்சான தம் நூலில் எழுதிவைத்தார். அத்தனை வருஷ வேதனைக்கும் காரணம் பித்தக் கற்களே என்று பிற்கால வைத்தியர்கள் கருதுகிறார்கள். உயிரோடிருந்தபோது அதைக் கண்டுபிடிக்க அக்காலத்தில் வழியிருக்கவில்லை. பித்தப்பையை எடுக்கும் ஆப்பரேஷன் முதன்முதலாக 1882-ல் பெர்லின் நகரிலே நடந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துவாரங்கள் வழியாக எடுப்பது 1985-ல் ஜெர்மனியில் தொடங்கியது. அர்ச்சியசிஷ்டருக்குக் கிடைக்காத உதவி இன்று தாலுகா ஊர்களுக்கும் வந்திருக்கிறது. அதற்காகச் சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

3. குழப்பம் எங்கிருந்து வருகிறது?

நாலு இடத்தில் நாலு விதமாகச் சொன்னால், எல்லோரும் பணம் பறிக்கிறார்கள் என்று எண்ணிவிடுகிறோம். அப்படிப்பட்டவர்களும் உலகில் உண்டு; ஆனாலும் ஆராயாமல் ஒருவரைப் பொய்யர் என்று தீர்ப்பிடுவது பாவம். குழப்பத்துக்கு வேறு காரணங்கள் உண்டு.

முதலாவது, மேல்வயிற்று வலி பல நோய்களுக்குப் பொதுவானது. பித்தப்பை, இரைப்பை, கணையம் எல்லாம் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. மாரடைப்பும் சிலருக்கு வயிற்று வலியாகவே தோன்றும். ஆகையால்தான் டாக்டர் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கிறார். முதலில் எடுத்தது சரியாக இருந்தும், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, இரத்தத்தையும் பரிசோதிப்பதுண்டு. வீண் செலவென்று முணுமுணுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பரிசோதனையும் ஓர் அறையை மட்டும் காட்டும் ஜன்னல் போன்றது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உட்புறத்தைக் காட்டும். பித்தப்பைக் கல்லைக் காட்டாது. வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் பித்தப்பைக் கல்லைக் காட்டும். குடற்புண்ணைக் கண்டுபிடிக்க அது உதவாது. அந்த ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டியிருப்பதால், சாப்பிட்டவரை மறுநாள் வரச் சொல்லுவார்கள்.

மூன்றாவது, ஆப்பரேஷனைப்பற்றிய அபிப்பிராய பேதம். பித்தப்பையில் கல் இருந்தும் பலருக்கு வலியே வருவதில்லை. அவர்களுக்குச் சாதாரணமாய் ஆப்பரேஷன் தேவையில்லை. வலி வந்தவர்களுக்குத் திரும்பவும் வருமென்பதால், பையை எடுத்துவிடச் சொல்லுகிறார்கள். பை வீங்கிச் சீழ்ப்பிடிக்கும் நிலையில் இருந்தால், சில டாக்டர்கள் உடனே ஆப்பரேஷன் செய்வார்கள். சிலர் மருந்தால் வீக்கத்தை அடக்கிச் சில வாரம் கழித்துச் செய்வார்கள். இருவருமே நியாயம் உள்ளவர்களாயிருக்கலாம். ஆகவே, "இந்த நோயாளிக்கு ஏன் இப்போது? காத்திருந்தால் என்ன ஆபத்து?" என்று இருவரிடமும் மரியாதையோடு கேளுங்கள்.

4. பொறுமை என்பது என்ன?

நம் தாய்மார்களுக்கு இதை முக்கியமாகச் சொல்லுகிறோம். பிள்ளைகளின் படிப்புச் செலவை நினைத்து, கணவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று, வலியை மறைத்து, "சேசுநாதருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நல்ல கருத்துத்தான், ஆனால் செயல் சரியல்ல. நீக்கமுடியாத துன்பத்தை ஆண்டவருக்காகச் சகிப்பது பொறுமை. நீக்கக்கூடிய நோயை மறைத்து முற்றவிடுவது விவேகக் குறைவு. ஐந்தாம் கற்பனை நம் சொந்த உயிரையும் காக்கும்படி நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

மாற்கு சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீயைக் காண்கிறோம். 12 வருஷம் நோயாயிருந்தவள். பல வைத்தியரிடம் போய், கையிலிருந்ததெல்லாம் செலவழித்தும் நோய் அதிகரித்ததேயொழியக் குறையவில்லை. நாம் இன்று படுகிற சங்கடம் சுவிசேஷத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது! அவள் இரகசியமாய் ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டுக் குணமானாள். ஆனால் நமது ஆண்டவர் அவளை மறைந்துபோக விடவில்லை. எல்லோர் முன்னிலும் அவள் நடந்த உண்மை முழுவதையும் சொன்னபிறகு, மகளே என்றழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார்.

அந்த ஸ்திரீயைப்போல் உண்மை முழுவதையும் சொல்லுவோம். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவியது, எத்தனை மணி நேரம் இருந்தது, என்ன சாப்பிட்டபின் வந்தது, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா, மது அருந்தும் பழக்கம் உண்டா — வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் இவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி, எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளட்டும். நாலு பேர் நாலு பக்கம் பேசாமல் அந்த ஒருவரே டாக்டரிடம் பேசட்டும். நோயாளி தம் வைத்தியக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று, 2002-ம் வருஷத்து இந்திய மருத்துவர் ஒழுக்க விதிகள் சொல்லுகின்றன. பணிவாய்க் கேட்டு வாங்குங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் விடியட்டுமென்று காத்திருக்கக்கூடாது: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, சில மணி நேரமாகியும் தணியாத வலி, மூச்சுத்திணறல், நெஞ்சை அழுத்தும் பாரம், மயக்கம். இவற்றில் ஒன்று கண்டாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கந்துவட்டிக்காரரிடம் போகுமுன் எங்களிடம் வாருங்கள்.

5. குருவானவரை எப்போது அழைப்பது?

அர்ச். இஞ்ஞாசியாரின் கடைசி நாளைக் கேளுங்கள். 1556 ஜூலை 30-ந் தேதி பிற்பகல், தம் காரியதரிசியான பொலாங்கோ சுவாமியை அழைத்து, பாப்பரசர் 4-ம் சின்னப்பரிடம் போய்த் தமக்கு ஆசீர்வாதம் கேட்டு வரச் சொன்னார். வைத்தியர்கள் ஆபத்தாக ஒன்றும் சொல்லவில்லை. பொலாங்கோ சுவாமிக்கு அவசரமாக எழுதவேண்டிய கடிதங்கள் இருந்தன. நாளைக்குப் போகலாமா என்றார். இன்றைக்கே போனால் நல்லது, உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள் என்றார் அர்ச்சியசிஷ்டர். மறுநாள் விடியற்காலையில் அவர் அவஸ்தையாயிருக்கக் கண்டார்கள். அவஸ்தைப்பூசுதல் பெறாமலே அவர் உயிர் பிரிந்தது. அந்த ஆத்துமம் ஆயத்தமாயிருந்தது. நமக்கும் அவ்விதமே இருக்குமென்று யார் சொல்லக்கூடும்?

சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று சொல்லி, நினைவு தப்பியபின் ஆளனுப்பும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. இது பெரிய அநியாயம். இந்தத் தேவதிரவிய அனுமானத்துக்கு நோயில் பூசுதல் என்ற பெயரே அதிகம் பொருந்துமென்றும், சாகுந்தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்லவென்றும், 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. 1972-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் இதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். கடின நோய் கண்டவர்களும், அப்படிப்பட்ட நோய்க்காக ஆப்பரேஷனுக்குப் போகிறவர்களும், முதுமையால் தளர்ந்தவர்களும் இதைப் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். இரவு எந்நேரமானாலும் மேடை வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

6. வினா விடை

வினா: வலி தெரியாதிருக்க மருந்து சாப்பிட்டால் புண்ணியம் குறையுமா?
விடை: குறையாது. வலியைத் தணிக்கும் மருந்து ஆகுமென்று பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957-ல் தெளிவாகப் போதித்தார்.

வினா: நற்கருணை வாங்குவதற்காக நோயாளி மருந்தைத் தள்ளிப்போட வேண்டுமா?
விடை: வேண்டாம். மருந்தும் தண்ணீரும் உபவாசத்தை முறிப்பதில்லை. நோயாளிகளையும் முதியோரையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் ஒரு மணி நேர உபவாசமும் கட்டுப்படுத்தாது.

வினா: எல்லா வைத்தியத்தையும் செய்தே தீரவேண்டுமா?
விடை: சாதாரணமான, பலன் தரக்கூடிய வைத்தியத்தை ஏற்கக் கடமையுண்டு. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தாங்கமுடியாத பாரமாகி, தக்க பலனும் தராத வைத்தியத்துக்குக் கடமையில்லை. சந்தேகமானால் டாக்டரையும் குருவானவரையும் கலந்து பேசுங்கள்.

வினா: காரணம் தெரியாமல் வேதனைப்படும் நாட்களில் என்ன செய்வது?
விடை: ஆண்டவரும் ஜெத்சமனித் தோட்டத்தில் பயந்து வியாகுலப்பட்டார், பாத்திரம் நீங்கும்படி கேட்டார். நாமும் கேட்கலாம், அழலாம். கேட்டுவிட்டு, பிதாவின் சித்தத்துக்கு நம்மைக் கையளிப்போம்.

இந்த வாரத் தீர்மானம்: இன்று சாயங்காலம் குடும்ப செபம் முடிந்ததும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், "எனக்கு நாட்பட்ட வலி ஏதாவது உண்டா? மறைத்து வைத்திருக்கிறேனா?" என்று யோசித்து, உண்டானால் வாய்திறந்து சொல்லட்டும். கேட்கிறவர்கள் கோபிக்காமல் கேட்கட்டும். நம் பங்கில் நோயுற்றிருக்கிற ஒரு வீட்டையாவது இந்த வாரத்தில் போய்ப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா என்று விசாரியுங்கள்.

செபம்: நோயாளிகளின் ஆரோக்கியமே, மாதாவே, எங்கள் வேதனையில் பொறுமையையும், குழப்பத்தில் விவேகத்தையும், எங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களின் கைகளுக்குத் திறமையையும் இரக்கத்தையும் உமது திருக்குமாரனிடம் பெற்றுத் தந்தருளும். ஆமென்.

— உங்கள் பங்குக்குரு