தோற்றவர் திரும்பும் களம் – சண்டை விளையாட்டுச் சமூகம்: ஒரு பார்வை

போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைப் புறநானூறு நமக்குக் காத்துத் தந்துள்ளது. சாத்தந்தையார் பாடல்களில் களத்தின் நடுவே நிகழ்வதைக் காண்கிறோம். நக்கண்ணையார் பாடலிலோ களத்தைச் சூழ்ந்து நிற்போரின் குரல் கேட்கிறது. வெற்றி இவனுக்கே என்பாரும், அன்று என்பாருமாக ஊரார் இரு கூறாய் நின்ற அக்காட்சி மாணவர் பலமுறை படித்தறிந்ததே. மற்போருக்கு இருவர் போதும். அதனைப் பாட்டாக்குவதற்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது.

இன்று அத்தகைய போர் கண்ணாடித் திரையிலும் நிகழ்கிறது. இருவர் அருகருகே அமர்ந்து, கையிலுள்ள விசைகளை இயக்கி, திரையில் தோன்றும் மல்லர் இருவரை மோதவிடுகின்றனர். 'சண்டை விளையாட்டு' என வழங்கும் இவ்வகை வீடியோ விளையாட்டைப் பொழுதுபோக்காக ஆடுவோர் கோடிக்கணக்கினர். அவர்களைப் பற்றி ஈண்டு நாம் பேசவில்லை. ஊர்தோறும் கூடி, ஒழுங்கான போட்டிகள் நடத்தி, முப்பது ஆண்டுகளாகத் தம்மை ஒரு சமூகம் என்றே அழைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசுகிறோம். ஒரு சமூகம் எதனால் கூடி நிற்கிறது, எதனால் உடைகிறது என்னும் கேள்விக்கு அவர்களுடைய வரலாறு நல்லதொரு பாடம் எனக் கருதுகிறோம். விளையாட்டுத்தானே என்று பெரியோர் புறந்தள்ளிவிடலாகாது.

தோற்றம்

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்தில் இவ்விளையாட்டுகள் காசு போட்டு ஆடும் எந்திரங்களாகக் கடைகளில் நின்றன. அமெரிக்காவில் கால் டாலர் நாணயம் ஒன்று போதும். வென்றவர் தொடர்ந்து ஆடலாம். தோற்றவர் விலக வேண்டும். அடுத்து ஆட விரும்புபவர் தம் நாணயத்தை எந்திரத்தின் விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த நாணய வரிசையே முறைவரிசை. வைத்தவரின் நிறமோ, குலமோ, தந்தையின் தொழிலோ அங்குக் கேட்கப்படவில்லை. ஏழைக் குடியிருப்புகளின் கறுப்பின இளைஞரும், ஆசியக் குடியேறிகளின் பிள்ளைகளும், இலத்தீன் அமெரிக்க இளைஞரும் இச்சமூகத்தின் தூண்களாக விளங்கியதற்கு அந்தக் கால் டாலர் ஒரு பெருங் காரணம்.

1996இல் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரிலுள்ள ஓர் ஆட்டக்கூடத்தில் சுமார் 40 பேர் கூடி ஒரு போட்டி நடத்தினர். 'பேட்டில் பை தி பே' என்பது அதன் பெயர். அதுவே 2002இல் 'எவல்யூஷன்' எனப் பெயர் மாறி, 'எவோ' என்னும் சுருக்கப் பெயரால் உலகப் புகழ் பெற்றது. 2023ஆம் ஆண்டு எவோவில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஆட்டத்திற்கு மட்டும் 7,061 பேர் பெயர் பதிந்தனர். இடைப்பட்ட காலத்தில் ஒன்று நோக்கத்தக்கது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' மூன்றாம் வரிசையின் இறுதிப் பதிப்பு 1999இல் வந்தது. நான்காம் வரிசை 2008இல்தான் வந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெயரில் புதிய வரிசை எதுவும் வரவில்லை. ஆயினும் கூட்டம் கலையவில்லை. பழைய ஆட்டங்களையே ஆடிக்கொண்டு ஆண்டுதோறும் கூடினர்.

இரு தோல்விக் கணக்கு

கலையாமைக்குக் காரணம் யாது? போட்டி நடக்கும் முறையிலேயே அதன் ஒரு பகுதி அடங்கியுள்ளது. இங்கே ஒருமுறை தோற்றவர் வெளியேற்றப்படுவதில்லை. வென்றோர் பிரிவு, தோற்றோர் பிரிவு என இரண்டு உண்டு. முதல் தோல்வி ஒருவரை இரண்டாம் பிரிவுக்கு அனுப்பும். இரண்டாம் தோல்விதான் அவரை வெளியேற்றும். தோற்றோர் பிரிவில் தொடர்ந்து வென்று இறுதியாட்டத்தை அடைந்து பட்டம் பெறுவதும் இயலும். நுழைவும் திறந்தது. கட்டணம் செலுத்திய எவரும் பெயர் பதியலாம். நேற்றுப் பழகியவர் உலக வாகையரை முதற்சுற்றிலேயே எதிர்கொள்ள நேரிடலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. 64 பேர் ஆடும் போட்டியில் முதற்சுற்றில் 32 பேர் தோற்பர். அந்த 32 பேரும் தமக்குள் ஆடும்போது 16 பேர் மீண்டும் தோற்பர். ஆக, வந்தவருள் நான்கில் ஒரு பங்கினர் ஒரு வெற்றியும் காணாமல் வெளியேறுகின்றனர். இது திறமையைப் பொறுத்ததன்று, கணக்கின் இயல்பு. மேற்சொன்ன 7,061 பேரோடு இதனைப் பொருத்தினால் 1,700 பேருக்கும் மேல் வருகின்றது. பயணச் செலவு செய்து, விடுதியில் தங்கி, இரண்டே ஆட்டங்களில் தோற்று நிற்கும் அந்த மனிதர் அடுத்த ஆண்டும் வருவாரா என்பதே இச்சமூகத்தின் உயிர்நாடி. வாகையரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் எப்படியும் வருவார். இச்சமூகத்தின் ஒவ்வொரு வழக்கத்தையும் இந்த ஒரு கேள்வியால் உரசிப் பார்ப்பதே முறை என்பது எம் கருத்து.

தோற்றோர் பிரிவு இழிவான இடமன்று என்பதற்கு 2004ஆம் ஆண்டு எவோ சான்று. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' ஆட்டத்தில், தோற்றோர் பிரிவின் இறுதியில், ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதினர். உமெஹாராவின் வீரனுக்கு உயிர் மயிரிழையளவே எஞ்சியிருந்தது. அந்நிலையில் வோங் தம் வீராங்கனையின் பெருந்தாக்குதலை ஏவினார். அதனைச் சாதாரணமாகத் தடுத்தாலும் உயிர் சிறிது குறையும், குறைந்தால் முடிந்தது. ஒவ்வோர் உதையும் வந்து படும் நொடிக்கூற்றில் விசையை எதிரியை நோக்கித் தட்டினால் மட்டுமே சேதமின்றித் தப்பலாம். அடுத்தடுத்து வந்த 15 உதைகளையும் அவ்வாறே ஏற்று, உடனே திருப்பித் தாக்கி வென்றார் உமெஹாரா. கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரம் அந்த ஒளிப்பதிவில் இன்றும் கேட்கிறது. இவ்விளையாட்டை அறியாதவரும் அப்பதிவைப் பார்த்துள்ளனர். ஆனால் உமெஹாரா அந்தப் போட்டியை வெல்லவில்லை. இறுதியாட்டத்தில் கெஞ்சி ஓபாடாவிடம் தோற்றார். வாகை சூடியவரை அறிந்தோர் சிலர்; அந்த 15 உதைகளை அறிந்தோர் பல இலட்சம்.

கூடும் இடம்

இரண்டு ஆட்டங்களில் தோற்றவரைக் கூடத்திலேயே இருத்தி வைப்பது எது? போட்டி மேடைக்கு வெளியே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் பிற திரைகளே. அங்கே கணக்கில் சேராத ஆட்டங்கள் விடியும் வரை நடக்கும். பலர் தம் வீட்டுக் கருவிகளையே சுமந்து வருவர். காலையில் தம்மை வீழ்த்தியவரிடம் சென்று, 'அந்த அடியை எப்படித் தடுப்பது?' என்று கேட்கலாம்; பெரும்பாலும் விடை கிடைக்கும். வென்றவர் கற்பிப்பது இங்குக் கொடையன்று. கற்பிக்காவிடில் நாளை தமக்கு ஈடுகொடுத்து ஆட ஆளில்லை.

இடம் போனால் சமூகம் என்னாகும் என்பதை நியூயார்க் நகரம் கண்டது. அந்நகரின் சீனர் பகுதியில் மாட் தெருவிலிருந்த 'சைனாடவுன் ஃபேர்' என்னும் பழைய ஆட்டக்கூடம் வோங் போன்றோரை வளர்த்த களம். 2011 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. 2012இல் வேறு நிர்வாகத்தின்கீழ் மீண்டும் திறந்தபோது குடும்பத்தினருக்கான ஆட்டங்களே முதன்மை பெற்றன. ஆனால் பழைய கூடத்தின் மேலாளராயிருந்தவர் 2011இலேயே புரூக்ளினில் 'நெக்ஸ்ட் லெவல்' என்னும் சிறிய இடத்தைத் தொடங்கினார். ஆட்டக்காரர் அங்கே திரண்டனர். கட்டடத்தைவிட, கதவைத் திறந்துவைக்க ஒருவர் இருந்ததே முக்கியமாயிற்று.

லாகூரின் செய்தி இதனினும் வியப்புக்குரியது. பாகிஸ்தானின் அந்நகரில் கடைகளில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்' ஆடி வளர்ந்த இளைஞர்கள், பின்னர் 'டெக்கன்' என்னும் ஆட்டத்தில் தம்முள் ஆடி ஆடியே உரமேறினர். வெளியுலகம் அவர்களை அறியவில்லை. 2019 பிப்ரவரியில், பயணத் தடைகள் பலவற்றைக் கடந்து ஜப்பானின் ஃபுகுவோகாவை அடைந்த அர்ஸ்லான் சித்தீக் ('அர்ஸ்லான் ஆஷ்' என்பது ஆட்டப்பெயர்) எவோ ஜப்பான் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரிலும் வென்றார். தம் நாட்டில் தம்மை ஒத்த வலிமையுடையோர் பலர் உளர் என்னும் பொருள்பட அவர் பேசியது பலரைத் திகைக்க வைத்தது. அது பணிவுரையோ என ஐயுற்றோரும் உண்டு. ஆனால் அந்த ஊரைச் சேர்ந்த ஆட்டக்காரருக்கு வெற்றிகள் தொடர்ந்தன. 2023இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகச் சுற்றின் இறுதியை வென்ற ஆத்திஃப் பட்டும் பாகிஸ்தானியரே.

இங்கே நாம் பெரிதும் மதிப்பது மற்றொருவரை. லாஸ் வேகாஸ் இறுதியில் தோற்ற தென்கொரியாவின் பே ஜே-மின், அவ்விளையாட்டின் மூத்த வல்லுநர். அவருடைய ஆட்டப்பெயர் தமிழ்ச் செவிக்கு 'நீ' என்றே கேட்கும். அவர் 2019இல் தாமே லாகூர் சென்று, அங்குள்ள இளைஞரோடு அமர்ந்து ஆடினார். ஆசிரியர் நிலையிலிருப்பவர் மாணவர் கூட்டத்தில் சென்றமர்வது எளிதன்று. வகுப்பறையில் இருபதாண்டு நின்றவர்க்கு இது விளங்கும்.

பிரிவுகளும் சொற்களும்

இச்சமூகம் ஓர் ஆட்டத்தை ஆடுவோரின் கூட்டமன்று. பல ஆட்டங்களின் குடிகள் சேர்ந்த நாடு. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழையதை விடமாட்டோம் என்போரும், புதியதே நன்று என்போரும் பிரிவர். 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' ஆடுவோரை, அது சண்டை விளையாட்டே அன்று எனப் பழைய ஆட்டக்காரர் நெடுங்காலம் எள்ளிவந்தனர். 2013 எவோவில் ஓர் ஆட்டத்திற்கான இடத்தை, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எந்த ஆட்டத்தின் அன்பர் மிகுதியாக நன்கொடை திரட்டுகின்றனர் என்பதைக் கொண்டு தீர்மானித்தனர். 2001இல் வெளிவந்த அப்பழைய ஆட்டத்தின் அன்பர்கள் 94,000 டாலருக்கு மேல் திரட்டி அவ்விடத்தைப் பெற்றனர். நின்டெண்டோ நிறுவனம் ஒளிபரப்பைத் தடுக்க முனைந்தபோது, எள்ளியவரும் சேர்ந்தே எதிர்த்தனர். சில மணி நேரத்தில் நிறுவனம் இறங்கி வந்தது. கருத்து வேறுபாடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே வேறுபடக் கற்றனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2012இல் இணையத்தில் ஒளிபரப்பான ஒரு போட்டித் தொடரில் ஒரு பெண் ஆட்டக்காரர் தம் அணியினராலேயே இழிசொற்களுக்கு ஆளானார். இறுதியில் ஆட்டத்தை விட்டு விலகினார். இத்தகைய பேச்சு இச்சமூகத்தின் பண்பாடு, அதனை நீக்கலாகாது என்று வாதிட்டோரும் இருந்தனர். கடுங்கண்டனம் எழுந்தது. 2020இல் எவோவின் தலைமைப் பொறுப்பிலிருந்தவர் மீதே தகாத நடத்தைக் குற்றச்சாட்டு வந்தபோது, அவர் நீக்கப்பட்டார். அவ்வாண்டு இணையவழி நடக்கவிருந்த போட்டி முழுவதும் கைவிடப்பட்டது. ஒரு விழா போனது இழப்பே. அதனை நடத்தியிருந்தால் இழப்பு பெரிது. நாவால் காயப்படுத்துவதைக் களத்தின் வீரம் எனக் கொள்வோருக்கு, சினத்தை அடக்குபவரையே வலியவராகக் காட்டும் நபிமொழியை நம் மாணவர் நினைவூட்டலாம்.

தொலைவும் பணமும்

தொலைவிலுள்ளோரை இணைத்ததில் டோனி கேனன் என்பாரின் பங்கு பெரிது. எவோவை நிறுவியோருள் ஒருவரான அவர், 2006இல் இணையவழி ஆட்டத்தின் தாமதத்தை மறைக்கும் ஒரு நுட்பத்தை உருவாக்கினார். எதிரியின் அசைவு வந்துசேருமுன் கணினியே அதனை ஊகித்து ஆட்டத்தை நடத்தும். ஊகம் பிழையாயின் கணநேரம் பின்சென்று திருத்திக்கொள்ளும். 2019இல் அந்நுட்பத்தை எவரும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டார். மறு ஆண்டே பெருந்தொற்று வந்து கூடங்கள் அடைபட்டபோது, இந்நுட்பம் அமைந்த ஆட்டங்களின் அன்பர்கள் இடையறாது ஆடினர், ஏனையோர் சிதறினர்.

பணம் வேறு வகையில் சோதிக்கிறது. எவோவில் நுழைவுக் கட்டணத் தொகுப்பிலிருந்தே முதல் எட்டுப் பேருக்குப் பரிசு பகிர்ந்தளிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2021இல் சோனி நிறுவனமும் மற்றொரு நிறுவனமும் எவோவை வாங்கின. 2024இல் காப்காம் கோப்பையை வென்றவர் பெற்றது 10 இலட்சம் டாலர். உச்சியில் பொழியும் இம்மழை, வாரந்தோறும் இருபது பேரைக் கூட்டி ஆடவைக்கும் ஊர்ச் சிறுகூடத்திற்குத் துளியும் எட்டுவதில்லை. புதியவர் முதலில் நுழைவதோ அந்தக் கூடத்தில்தான்.

இது சூதாகாதா எனப் பெரியோர் வினவுவது முறையே. இருவர் பணயம் வைத்து ஆடும் வழக்கமும் இச்சமூகத்தில் உண்டு. அதனை நாம் ஏற்கவில்லை. கட்டணத்திலிருந்து வழங்கும் பரிசின் நிலை குறித்து ஆலிம்களே தீர்ப்புரைக்க வேண்டும். நம் நாட்டில் 2025இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து, மின்னணு விளையாட்டுப் போட்டிகளை வேறாக வைத்துள்ளது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பதக்க ஆட்டமாயிற்று. இந்தியாவிலிருந்து மயாங்க் பிரஜாபதி, அயான் பிஸ்வாஸ் ஆகிய இருவர் சென்று, பதக்கமின்றித் திரும்பினர். தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அவருக்கு அப்போது வயது 44; வெள்ளி வென்ற தைவானியரை இறுதியில் வீழ்த்தும்போது அவருடைய வயதினர் பலர் இதனைப் பிள்ளைகளின் விளையாட்டு என்றே எண்ணிக்கொண்டிருந்தனர்.