ஒரகடத்திலிருந்து ஒன்-நார்த்: எம்.பி.ஏ. பள்ளி பார்க்க ஒரு சிங்கப்பூர் பயணம்

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ சில வருடம் உற்பத்தியிலும் தரக்கட்டுப்பாட்டிலும் வேலை பார்த்துவிட்டு, வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்து கன்சல்டிங் வேலைக்கு மாற நினைக்கிறீர்களா? கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் முன் பள்ளியை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது சிங்கப்பூர். மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்.

கிளம்பும் முன்

வார நாளில் போனால்தான் வகுப்பு நடக்கும், மாணவர்களையும் பார்க்கலாம். ஆகவே ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வியாழன், வெள்ளி லீவு எடுங்கள். பள்ளியின் விடுமுறை, தேர்வு நாட்களைத் தவிர்த்து, வருகையை முன்பதிவு செய்யுங்கள். இந்தியர்களுக்கு விசா தேவை. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

ஒரகடத்திலிருந்து படப்பை, வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்கலாம். ஷிஃப்ட் முடியும் நேரமென்றால் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் சாலையை அடைத்துக்கொள்ளும். கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே உள்ள பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றுபோனது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பின்னாளில் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்கியது.

நோக்கியா ஏன் வீழ்ந்தது என்பதை ஆராய்ந்தவர்களில் இன்சியாட் வணிகப் பள்ளியின் பேராசிரியர்கள் குய் ஹுய், ஈவ் டோஸ் இருவரும் உண்டு. நீங்கள் பார்க்கப்போகும் இரண்டு பள்ளிகளில் ஒன்று இந்த இன்சியாட். ஒரு ஆலை மூடினால் சப்ளையர், விடுதி, வேன் ஓட்டுநர் என்று யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பது இங்கே வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். நேர்முகத்தில் அதைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். ஆலை அனுபவத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். பெரிய கன்சல்டிங் நிறுவனங்களில் உற்பத்திக்கும் விநியோகச் சங்கிலிக்கும் தனிப் பிரிவுகளே இருக்கின்றன.

ஒரே நாளில் இரண்டு பள்ளிகள்

செராங்கூன் சாலைப் பக்கம் தங்கினால் நம் சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் எம்.ஆர்.டி. பிடித்து புவனா விஸ்தா நிலையத்தில் இறங்குங்கள். இன்சியாட்டின் ஆசிய வளாகம் நடக்கும் தூரத்தில், ஒன்-நார்த் பகுதியின் அயர் ராஜா அவென்யூவில் இருக்கிறது. 1957-ல் பிரான்சில் தொடங்கிய பள்ளி, 2000-ல் இங்கே வந்தது. படிப்பு 10 மாதம். ஜனவரியில் சேருவோருக்கே இடையில் இன்டர்ன்ஷிப் செய்ய இடைவெளி கிடைக்கும். தொழிலை மாற்றுகிறவருக்கு இது முக்கியம்.

மதியம் வட்டப்பாதை ரயிலில் ஒன்-நார்த் நிலையத்தைத் தாண்டி கென்ட் ரிட்ஜில் இறங்கினால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே படிப்பு ஏறத்தாழ ஒன்றரை வருடம். வேலை தேடக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கன்சல்டிங்குக்குப் போனவர்களில், ஏற்கெனவே அதே நிறுவனத்தில் இருந்து அதன் செலவில் படிக்க வந்து திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். உங்களுக்கான வாய்ப்பு அதில்தான் தெரியும்.

கன்சல்டிங்குக்குப் போனவர்களுக்கு எந்த நாட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது? சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதிக்குப் புள்ளி முறை வந்திருக்கிறது. பொதுவாக 40 புள்ளிகள் தேவை. சம்பளம், பட்டம், நிறுவனத்தில் ஏற்கெனவே உள்ள நாட்டவர் விகிதம் எல்லாம் கணக்கில் வரும்.

ஒரு வணிகச் சிக்கலைத் தந்து தீர்வு கேட்கும் கேஸ் நேர்முகத்துக்கு யார் பயிற்சி தருகிறார்கள்? இந்திய உற்பத்தித் துறையிலிருந்து வந்த மாணவர் ஒருவரோடு அரைமணி நேரம் பேச முடியுமா? விளம்பரக் கையேட்டைவிட அந்த அரைமணி நேரம் அதிகம் சொல்லும்.

பணம்

இன்சியாட்டில் கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் யூரோ அளவில் இருக்கிறது. தங்கும் செலவு தனி. இதற்காக வாங்கும் கடனை ரூபாய்ச் சம்பளத்தில் அடைப்பது கடினம். சென்னை, பெங்களூர், மும்பையில்தான் வேலை பார்ப்பேன் என்பவர், ஹைதராபாத் ஐ.எஸ்.பி., அகமதாபாத் ஐ.ஐ.எம். நடத்தும் ஓராண்டுப் படிப்புகளை முதலில் பாருங்கள்.

எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளியை அதற்குப் பிறகு தேடுங்கள். தரவரிசைப் பட்டியலை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நேரில் பார்த்தபின் வேண்டாம் என்று தோன்றினால், தயங்காமல் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள்.