வகுப்பறைச் சோர்வும் கொக்கிப் புழுவும்

விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை பாடவேளையில் சோர்ந்திருந்தால், சோம்பேறி என்று கடிந்துகொள்கிறோம். காரணம் சோம்பலன்று, குடலில் வாழும் கொக்கிப் புழுவாகவும் இருக்கலாம்.

காம்பார் வட்டாரத் தோட்டங்களில், பால்மர நிழலில் உள்ள மண் மழைக்காலத்தில் எளிதில் உலர்வதில்லை. திறந்த வெளியில் கழிக்கப்படும் மலத்திலுள்ள புழு முட்டைகள் அவ்வீர மண்ணில் பொரிக்கின்றன. குஞ்சுப் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இரத்தம் குன்றவே முகம் வெளுக்கும். படிப்பில் கவனம் செல்லாது.

1974 முதல் 1983 வரை நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்கத் திட்டமொன்று நடைபெற்றது. அது நின்றபின், இப்பொறுப்பு பெரிதும் பெற்றோருடையதாயிற்று.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருந்தால் அரசாங்க மருந்தகத்தில் காட்டி, குடற்புழு மருந்து வேண்டுமா என்று கேளுங்கள்.

2. வீட்டிற்கு வெளியே எப்போதும் காலணி அணியச் செய்யுங்கள்.

3. கழிவறையையே பயன்படுத்தப் பழக்குங்கள்.

4. நகத்தை வெட்டிவிடுங்கள், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவச் செய்யுங்கள். வேறு சில குடற்புழுக்கள் வாய் வழியே நுழைகின்றன.

5. இரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றை உணவில் சேருங்கள்.

மருந்துண்ட பிள்ளையும் வெறுங்காலுடன் திரிந்தால் புழு மீண்டும் புகும். ஆதலின், புத்தகப் பைக்குக் காட்டும் கவனத்தைக் காலணிக்கும் காட்டுங்கள்.