பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் இல்லத்தில் ஊசியும் நூலும்

விதை தெளிப்பதற்கு முன் நாற்றங்காலைப் பண்படுத்தாத குடியானவர் நம் நாட்டில் இலர். அங்ஙனமிருக்க, இல்லத்தில் ஒரு குழந்தை பிறக்கவிருப்பதை ஏழெட்டு மாதங்களுக்கு முன்னரே அறிந்திருந்தும், அதனைத் துடைத்துப் போர்த்துவதற்குத் தூய துணி நான்கினை எடுத்து வைக்காத வீடுகள் இன்னும் உள. பேற்று நோவு கண்ட இரவில் பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துச் செல்வதே அவர்தம் வழக்கம். இக்குறையை நீக்கும் வழியை இம்மாதப் பாடமாக எழுதப் புகுகின்றோம். இது மாதர்க்குரியதென்று ஆடவர் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. வீட்டுத் தலைவரும் கிராம அலுவலரும் செய்யவேண்டியனவும் இதனுள் அடங்கியுள்ளன.

1. பழைய வழக்கமும் அதன் கருத்தும்

பிள்ளை பிறக்குமுன் அதற்கெனப் புத்தாடை வாங்குதல் ஆகாது என்பது மூத்தோர் கொள்கை. சிற்றூர்களில் மட்டுமன்று, சென்னையில் மயிலாப்பூர்க் குளத்தைச் சூழ்ந்த மாட வீதிகளில் வாழும் குடும்பங்களிலும் இக்கொள்கை உண்டு. வளைகாப்பன்று கைநிறைய வளையல் அடுக்குவோர், குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கச் சொன்னால் பின்வாங்குவர். பிறந்த சிசுக்கள் பல நாள் நிலையாதிருந்த காலத்தில், உடுத்துவாரற்ற சிற்றாடையைத் தாய் காணும் துயரம் நேராதிருக்க இது எழுந்ததென்று கொள்ளலாம். அவ்வச்சத்தை இகழ்தல் நம் நோக்கமன்று.

எனினும், இவ்வழக்கம் விலக்குவது புதுத் துணியையேயன்றிப் பழந்துணியை அன்று. பலமுறை வெளுத்த வேட்டியும் புடவையுமே பிறந்த குழந்தைக்கு முதலில் சாற்றப்படுவன. அவை மென்மையுற்றவை, கஞ்சியும் சாயமும் கழிந்தவை. ஆகவே, பழந்துணியை வெட்டித் தைத்து வைப்பதால் மூத்தோர் சொல்லும் கெடாது. குழந்தைக்கு வேண்டுவனவும் முன்னரே அமையும். புத்தாடையைப் பெயரிடும் நாளன்று வாங்கிக்கொள்ளலாம்.

2. சென்னை காட்டும் வழி

சென்னையின் தென்பகுதி, மாதர் கைத்தொழிற் கல்வியில் நெடுநாள் பெயர் பெற்றது. 1917-ஆம் ஆண்டில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவோடு தையலும் முதலுதவியும் கற்பிக்கப்பட்டன. 1912-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1930-களில் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவி, அதனை அடையாற்றில் நிலைபெறச் செய்தார். 1937-ஆம் ஆண்டில் துர்காபாய் மயிலாப்பூரில் தொடங்கிய ஆந்திர மகிளா சபை, நாளடைவில் மருத்துவப் பணியையும் மேற்கொண்டது. ஊசி பிடிக்கும் கையும் பிள்ளைப்பேற்றைக் காக்கும் கையும் ஒன்றையொன்று அடுத்திருத்தல் நலம் என்பது இவற்றால் விளங்கும்.

1920-களில் பழைய நெடிய ஏரியின் நிலத்தில் எழுந்த தியாகராய நகர், இன்று துணி வாணிகத்திற்குப் பேர்பெற்றது. அங்கே ஆயத்த ஆடை குவிந்து கிடக்கிறதே, வீட்டில் தைப்பானேன் என்று சிலர் வினவலாம். கடைத்துணியில் செயற்கை இழை கலந்திருப்பது எளிதிற் புலப்படாது. வீட்டு வேட்டியின் தன்மையோ நமக்கு நன்கு தெரியும். அன்றியும், செலவு சிறிது; பயன் பெரிது.

பிற நாட்டாரும் இதனை உணர்ந்துள்ளனர். பின்லாந்து அரசு 1938-ஆம் ஆண்டு முதல் எளிய தாய்மார்க்கும், 1949-ஆம் ஆண்டு முதல் எல்லாத் தாய்மார்க்கும் குழந்தைப் பெட்டி வழங்கலாயிற்று. தாய்மார் தாமே தைக்கும் வழக்கினர் ஆதலின், தொடக்க காலப் பெட்டிகளில் வெட்டாத துணியே வைக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசும் 2015-ஆம் ஆண்டில், அரசு மருத்துவ நிலையங்களில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதினாறு பொருள் அடங்கிய பெட்டகம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

3. துணியைத் தேர்தலும் தூய்மை செய்தலும்

பருத்தி இழை நீரை ஈர்க்கும். காற்றும் அதனூடே செல்லும். இலவம்பஞ்சு மெழுகுத்தன்மை உடையதாதலின் நீரை எளிதில் ஏற்காது. தலையணைக்கும் மெத்தைக்கும் ஏற்குமேயன்றிக் குழந்தையின் ஈரம் வாங்கும் துணிக்கு உதவாது. பாலியஸ்டர் கலந்த வேட்டியும் அவ்வாறே. ஐயமிருப்பின் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்க. பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் இறுகும்.

தேர்ந்த துணியைச் சவர்க்காரமிட்டுத் துவைத்துப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு, நன்கு அலசி, கடும் வெயிலில் உலர்த்துக. கஞ்சியும் நீலமும் வேண்டா. உலர்ந்ததனை மூடியுள்ள பெட்டியில் வைக்க. பூச்சி அணுகாதிருக்க அந்துருண்டை இடுதல் கூடவே கூடாது. அதன் ஆவி படிந்த துணியால் சில குழந்தைகளின் குருதியணுக்கள் சிதைந்து, கொடிய மஞ்சட்காமாலை உண்டாகும். உலர்ந்த வேப்பிலையே போதுமானது.

4. வேட்டியைப் பகுக்கும் முறை

எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 144 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உள்ளது. இருபுறக் கரைகளையும் நீக்கினால் 48 அங்குல அகலம் நிற்கும். கிழிசல் இல்லாத இரண்டு வேட்டிகளைக் கொண்டு பின்வருமாறு வெட்டுக.

முதல் வேட்டியை 36 அங்குல நீளமுள்ள நான்கு துண்டுகளாக்குக. ஒவ்வொன்றையும் அகலத்தில் 30 அங்குலமும் 18 அங்குலமுமாகப் பிரிக்க. 36-க்கு 30 அளவுள்ள துண்டுகள் நான்கு கிடைக்கும். அவற்றுள் மூன்று விரிப்புக்கும், ஒன்று குழந்தையைப் பொதிவதற்கும் ஆகும். எஞ்சிய நான்கையும் நடுவே வெட்டினால் 18 அங்குலச் சதுரங்கள் எட்டு வரும், இவை இடுப்புத்துணிகள்.

இரண்டாம் வேட்டியில் 18 அங்குலச் சதுரங்கள் பதினாறும், 12 அங்குலச் சதுரங்கள் பன்னிரண்டும் அமையும். சிறியவை வாயும் உடலும் துடைக்க உதவும். ஆக இடுப்புத்துணி இருபத்துநான்கு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி நனையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்வதற்கு இரண்டு நாளாகும். அதற்கேற்ப வகுத்த கணக்கு இது.

5. மூவடுக்கு விரிப்பு

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. வங்காளத்தார் பழம்புடவைகளை அடுக்கி நூலோட்டித் தைக்கும் விரிப்பைக் 'காந்தா' என்பர். நாம் தைப்பதும் அவ்வினத்தது.

நடு அடுக்கின் நாற்புறமும் அரை அங்குலம் குறைத்து வெட்டி, மூன்றையும் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பாயின்மீது பரப்புக. நடுவிலிருந்து நான்கு பக்கமும் பெரிய தற்காலிகத் தையல் இட்டுத் துணி நகராதிருக்கச் செய்க. மேல், கீழ் அடுக்குகளின் ஓரங்களை அரை அங்குலம் உள்மடித்து இணைத்துத் தைக்க. பின்பு நீளவாட்டில், நடுவிலிருந்து தொடங்கி, ஒன்றரை அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல் இடுக. ஏறத்தாழப் பதினெட்டு வரிசைகள் வரும். நாளொன்றுக்கு இரண்டு வரிசையாக ஒன்பது நாளில் முடிக்கலாம். அடுக்குகளினிடையே பஞ்சு திணித்தல் வேண்டா. பஞ்சு பொதிந்த விரிப்பு மழைக்காலத்தில் உள்ளீரம் உலராமல் நாற்றங்கொள்ளும்.

6. ஜபலாச் சட்டை

பிறந்த குழந்தையின் மார்புச் சுற்றளவு ஏறத்தாழ 13 அங்குலம். மென்மையான பழம்புடவையில் முதுகுக்கு 10 அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் உள்ள ஒரு துண்டும், முன்புறத்திற்கு 6 அங்குல அகலமும் அதே நீளமும் உள்ள இரு துண்டுகளும் வெட்டுக. கைவழி 4 அங்குல ஆழம் இருக்கட்டும். முன்புறம் திறப்பதாகத் தைத்தால், தலைவழியே நுழைத்து இழுக்க வேண்டுவதில்லை. முடிச்சும் முதுகில் உறுத்தாது.

பொத்தான், ஊக்கு, மணி, சரிகை ஆகியவற்றை அறவே தவிர்க்க. கட்டுநாடா 5 அங்குலத்திற்கு மேற்படலாகாது, கழுத்தருகே வைக்கலாகாது. பச்சிளந்தோலில் தையற்புறம் படாதிருக்க, சட்டையின் தையல்கள் வெளிப்புறம் தோன்றுமாறு உடுத்துவதே நன்று. அழகு குறையுமென்று கருதற்க. இத்தகைய சட்டை நான்கு போதும்.

7. தைப்பவள் நலம்

கருவுற்றவள் பகல் வெளிச்சத்தில், முதுகுக்குச் சாய்வு வைத்து அமர்ந்து தைக்கவேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து உலவுதல் நன்று. தொடங்கும்போது ஊசிகளை எண்ணுக; முடிக்கும்போதும் எண்ணுக. ஊசி ஒன்று குறைந்தால், அது கிடைக்குமட்டும் அவ்விரிப்பைப் பயன்படுத்தலாகாது.

இனிச் சொல்வதனைக் கவனிக்க. ஊசியில் நூல் கோக்கும்போது கண் மங்குவதாகவோ, மின்னுவதாகவோ அவள் கூறினால், தையற்களைப்பென்று எண்ணி வாளாவிருத்தல் தகாது. அதனோடு கடுந்தலைவலியோ, மேல்வயிற்று வலியோ, முகமும் கைகளும் வீங்கி மோதிரம் இறுகுதலோ தோன்றின், அது இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய நோயின் முன்னறிகுறியாகலாம். அன்றிரவே, அந்நாழிகையே, மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்க. தாயும் சேயும் பிழைப்பது அவ்விரைவைப் பொறுத்தது.

8. பயன்படுத்தும் முறை

பிறந்த குழந்தை நனைந்த உடலோடிருப்பதால், சித்திரை வெயிலிலும் விரைவில் குளிர்ச்சியுறும். முதலில் தூய துணியால் ஈரம் போகத் துடைத்து, தாயின் வெற்று மார்பின்மீது கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதே சிறந்த காப்பு. முதல் இருபத்துநான்கு மணி நேரம் குளிப்பாட்டுதல் வேண்டா. தொப்புளைத் தூய்மையாகவும் ஈரமின்றியும் வைத்தலே போதும். சாம்பல், மஞ்சள், சாணம் எவையும் ஆகா. கொப்பூழ் வழியே புகும் வாதசன்னி பண்டு எண்ணிறந்த சிசுக்களை மாய்த்தது. தடுப்பூசியாலும் தூய பேற்றாலும் அது ஒடுங்கி, இந்தியா 2015-ஆம் ஆண்டில் அந்நோயை நீக்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. அத்தூய்மையை நாம் கைவிடலாகாது.

நாம் தைத்த விரிப்பு கீழே விரிப்பதற்கேயன்றி, உறங்கும் குழந்தையின் மேல் இடுவதற்கன்று. தளர்ந்த போர்வை முகத்தில் விழின், அதனை விலக்கும் வலிமை சிசுவிற்கில்லை. மட்டமான உறுதியான படுக்கையில், மல்லாந்தவாறு, தலையணையின்றி உறங்கச் செய்க. தலை உருண்டையாகுமென்று வைக்கும் கடுகுத் தலையணையும் இதில் அடங்கும். புடவைத் தூளியில் குழந்தை வளைந்து கிடக்க, மோவாய் மார்பில் அழுந்தி மூச்சுத் தடைப்படலாம். ஆதலின் தூளி ஆட்டுவோர் அருகிருந்து கண்காணிக்க. உறங்கியபின் மட்டப் படுக்கைக்கு மாற்றுக.

9. வீட்டுத் தலைவரும் கிராம அலுவலரும்

நிலத்தில் பூச்சி மருந்து தெளித்து வந்தவர், குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தொடவேண்டும். தெளிப்பு உடைகளைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைத்தல் பெருந்தீங்கு. தனித்தொட்டியும் தனிக்கொடியும் வேண்டும். உரச்சாக்கையும் மருந்து வந்த பையையும் கழுவிவிட்டோமென்று குழந்தையின்கீழ் விரிப்போர் சிலர் உளர். எத்துணை முறை கழுவினும் அது கூடாது. ஈரம் தாங்கப் பழைய சேலையின் நான்கு மடிப்பே போதும்.

கிராம அலுவலர்கள், தம் ஊரில் எட்டாம் மாதத்தை எட்டிய கர்ப்பிணிகளின் இல்லங்களில் துணிமூட்டை ஆயத்தமா, மருத்துவ நிலையத்திற்குச் செல்ல ஊர்தி ஏற்பாடு உண்டா என்று கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து வினவுதல் நன்று. அங்கன்வாடியில் கூடும் மாதர்க்கு, தையல் அறிந்த மூதாட்டி ஒருவரைக் கொண்டு இப்பாடத்தைச் செய்து காட்டலாம். வேட்டியற்ற எளிய வீட்டிற்கு, நிலமுடையார் தம் பெட்டியிலிருந்து நல்ல பழவேட்டிகள் இரண்டினைக் கொடுத்துதவுக. களத்தில் நெல்லளந்து கொடுக்கும் கைகளுக்கு அது அரிதன்று.

பேற்று மூட்டையை எட்டாம் மாத இறுதிக்குள் கட்டி, வீட்டார் யாவரும் அறிந்த இடத்தில் வைக்க. நள்ளிரவில் நோவு காணின், விளக்கேற்றித் தேட வேண்டுவதில்லை. மூட்டையைக் கையில் எடுத்துப் புறப்படலாம்.