மரப்பெட்டி செய்யும்போது மூச்சையும் காப்போம்

விடுமுறை நாட்களில் கீல் வைத்த மரப்பெட்டி செய்வது நல்ல பொழுதுபோக்கு. அறுக்கும்போது விரல்களைக் காக்கும் நாம் மூச்சை மறந்துவிடுகிறோம். உப்புத்தாளால் தேய்க்கையில் எழும் நுண்தூள் நெடுநேரம் காற்றில் மிதக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். பல ஆண்டுகள் இதைச் சுவாசிக்கும் தச்சர்களுக்கு மூக்கில் புற்றுநோயும் வரலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது.

நாம் செய்ய வேண்டியவை:

1. கீல் பொருத்தும் முன்பே பலகைகளை வெளியில் வைத்துத் தேய்ப்போம். குளிர்காலமானாலும் கராஜ் கதவைத் திறந்து வைப்போம்.

2. துணி முகமூடி போதாது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசத்தை இடைவெளியின்றி அணிவோம்.

3. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்போம்.

4. உடை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்குவோம்.

இளைப்பு, விடாத மூக்கடைப்பு இருந்தால், மருத்துவரிடம் மரவேலை செய்வதையும் மறக்காமல் சொல்வோம்.