வாண்டுகள் ஓடும் வீட்டில் தோட்டம்

10-க்கு 10 அடி இடமே போதும். நடுவை வெறுமையாக விட்டு, ஓரங்களில் மட்டும் செடி வைத்தால் பிள்ளைகள் ஓடியாடலாம். சமையலறை ஜன்னலிலிருந்து பார்வை படும் மூலையில் மணல் கொட்டலாம். இரவில் மூடாவிட்டால் அது தெருப்பூனைகளின் கழிப்பறை!

அரளி, ஊமத்தை, குன்றிமணி கூடவே கூடாது. அரளியில் இலை, பூ, விதை எல்லாமே விஷம். அழகுக்கு வாங்கும் டிஃபன்பாக்கியாவைக் கடித்தாலும் வாய் எரிந்து வீங்கும்.

குழந்தைகளுக்குப் பொறுமை ஏது? வெந்தயம் விதைத்தால் 3, 4 நாளில் முளைத்துவிடும். கறிவேப்பிலையில் பச்சைப் புழு தெரிந்தால் நசுக்க வேண்டாம். அது பட்டாம்பூச்சி ஆவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள். வாளியில் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள். தவழும் குழந்தை மூழ்கச் சில அங்குல நீரே போதும்.