மாதிரிகள் கலவாமை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஊரொன்றின் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிப்பதாகக் கொள்வோம். 96 குழிகள் கொண்ட தட்டில், சில குழிகளின் செல்கள் அந்நீருக்கும், ஒப்பீட்டுக் குழிகளின் செல்கள் தூய நீருக்கும் ஆட்படுத்தப்படும். கிணற்று நீரின் துளிகள் ஒப்பீட்டுக் குழிகளில் தெறித்தால், அங்குள்ள செல்களும் நலியும். வேறுபாடு மறைந்து, நச்சுநீரும் நன்னீராகத் தோன்றும். எளிதில் ஆவியாகும் வேதிப்பொருளோ காற்றின் வழியே அடுத்த குழியை அடையும். ஆதலால், மாதிரிதோறும் பிப்பெட் முனையை மாற்றுதல், ஆவியாகும் மாதிரிகளைத் தனித்தட்டில் இட்டு இறுக மூடுதல் ஆகியன இன்றியமையாதன.

செல்களும் தமக்குள் கலப்பதுண்டு. தனித்தனி வகைகளெனக் கருதப்பட்ட 18 செல் வரிசைகளில் ஹீலா செல்கள் கலந்திருந்ததை, அமெரிக்க மரபியலறிஞர் ஸ்டான்லி கார்ட்லர் 1966இல் வெளிப்படுத்தினார். எனவே, ஒரு வேளையில் ஒரு வரிசையையே கையாளுதல் வேண்டும். ஆய்வகத்தில் கை பிசகினால், ஊரார் குடத்தில் நஞ்சு நிறையும்.